மஞ்சளில் இல்லாத வரி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நெறிமுறைக் குழுத் தலைவர் அவர்களே, துறைத் தலைவர்களே, ஆய்வகத் தோழர்களே, வார்டிலிருந்து சீருடையோடு அப்படியே வந்திருக்கும் செவிலியர்களே, பதிவறை ஊழியர்களே, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மறைந்த அம்மையாருடைய கணவர் அவர்களே, மகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு வந்த அழைப்பில் கூட்டம் நான்கு மணிக்கு என்று இருந்தது. கீழே அறிவிப்புப் பலகையில் நான்கரை என்று எழுதியிருக்கிறது. அதனால்தான் உங்களில் பாதிப் பேர் அரை மணி நேரம் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். மீதிப் பேர் இப்போதுதான் மூச்சிரைக்க வந்து பின்னால் நிற்கிறீர்கள். ஓர் அழைப்பு, ஒரு பலகை. இரண்டு புத்தகமா நண்பர்களே? இரண்டு வரி! அந்த இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த நிறுவனத்தில் ஆள் இல்லாமல் போய்ப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

அந்த ஆளைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். அழைத்தவர்கள் யோசித்துத்தான் அழைத்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நிறுவனத்தில் அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான். பதினேழு வருடம் போட்டிருக்கிறேன். அவர் அறையிலிருந்து நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறிய சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டிருக்கிறது என்று எங்கள் துறைச் செவிலியரே சொல்லியிருக்கிறார்.

ஒப்புநோக்கு அலுவலர் அம்மையார். அது பதவிப் பெயர். அந்தப் பெயரில் அவரை யார் கூப்பிட்டோம்? ஸ்கேல் அக்கா! இயக்குநர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் ஸ்கேல் அக்காதான். அந்தப் பெயரை வைத்தவன் யார் தெரியுமா? நான்தான். அன்பினால் வைக்கவில்லை. எரிச்சலில் வைத்தேன். அதையும் இன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக அவருடைய வேலையைச் சொல்கிறேன். ஓர் ஆய்வுக்கு நிதி கேட்டு நாம் வெளியே அனுப்புகிற நல்கை விண்ணப்பம் ஒன்று. அதே ஆய்வில் நோயாளியிடம் என்ன செய்யலாம், எவ்வளவு செய்யலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்று நெறிமுறைக் குழு உட்கார்ந்து பேசி ஒப்புதல் கொடுத்த புரோட்டோகால் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆய்வைத்தான் சொல்ல வேண்டும். சொல்லுமா? சொல்லாது! ஏனென்றால் முதலாவதை எழுதும்போது நாம் மார்தட்டிக்கொண்டு எழுதுகிறோம். இரண்டாவதை எழுதும்போது கைகட்டிக்கொண்டு எழுதுகிறோம். ஒன்றில் நூறு நோயாளிகள், இன்னொன்றில் அறுபது. ஒன்றில் மூன்று ஊசி, இன்னொன்றில் இரண்டு. எழுதுகிற நமக்கு அது வெறும் எண். படுத்திருக்கிறவருக்கு அது உடம்பு.

அம்மையார் புரோட்டோகாலை மஞ்சள் தாளில் அச்செடுப்பார். விண்ணப்பம் வெள்ளைத் தாளில் இருக்கும். இரண்டாவது மாடியில், நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் இடையில் இருக்கும் அந்தச் சின்ன அறையில், மேசையின் இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் வெள்ளை. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எஃகு ஸ்கேல். இடது ஸ்கேல் ஒரு வரி இறங்கினால் வலது ஸ்கேலும் அந்த விஷயம் வருகிற வரிக்கு இறங்கும். இறங்க வரி இல்லையென்றால் அங்கேயே நிற்கும். நின்றுவிட்டதென்றால் நமக்குத் தொலைபேசி வரும். எல்லாம் சரியாக இருந்தால் கடைசிப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை விழும். 'ஒத்துள்ளது.' அந்த ஒரு சொல் விழாமல் இங்கிருந்து ஒரு விண்ணப்பமும் வாசலைத் தாண்டியதில்லை.

நான் இங்கே சேர்ந்த முதல் வருடம். என் விண்ணப்பத்தில் நாற்பத்தெட்டு முயல்கள் என்று எழுதியிருந்தேன். புரோட்டோகாலில் முப்பத்தாறு. தொலைபேசி வந்தது. போனேன்.

"பன்னெண்டு முயல்தானே மேடம்? இதுக்குப் போயா கூப்பிட்டீங்க?" என்றேன்.

"அந்தப் பன்னெண்டும் எங்கயிருந்து வந்துச்சு டாக்டர்? மஞ்சள்ல இல்லையே" என்றார்.

"கடைசியில தேவைப்படலாம்னு ஒரு குத்துமதிப்பா போட்டேன்."

"குத்துமதிப்பா செத்துப்போக முயலுக்குத் தெரியாதே" என்றார். சிரிக்காமல் சொன்னார். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றிருந்தவர்களிடம், "உள்ளே ஒரு ஸ்கேல் அக்கா உட்கார்ந்திருக்கு, பார்த்துப் போங்க" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

மஞ்சள்ல இல்லையே! எத்தனை முறை கேட்டிருப்போம் அந்தச் சொல்லை? வேறெந்த அலுவலகத்திலும் இந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. இங்கே அதைக் கேட்டால் பேராசிரியர்களே பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். நம் ஆய்வகத்து இளைஞர்கள் கேண்டீனில் தேநீரில் சர்க்கரை கூடிப்போனால்கூட 'மஞ்சள்ல இல்லையே' என்பார்கள். அம்மையார் காதில் விழுந்தால் அவரும் சிரிப்பார். அவருக்குச் சிரிக்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். வேலை நேரத்தில் சிரித்தால் ஸ்கேல் நகர்ந்துவிடும் என்பது அவர் கட்சி.

ஆனால் அந்த ஸ்கேல் எங்கிருந்து வந்தது? பதினேழு வருடம் கேலி செய்த எனக்கு அது தெரியாது. போன வாரம்தான் தெரிந்தது. அதோ, மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பதிவறை அண்ணன்தான் சொன்னார். அவர் அனுமதியோடுதான் இங்கே சொல்கிறேன்.

நான் வருவதற்கு ஐந்து வருடம் முன்பு, அப்போதெல்லாம் ஒப்புநோக்குவது வாய்வழியாக நடந்தது. பதிவறை அண்ணன் மஞ்சளை உரக்கப் படிப்பார். அம்மையார் வெள்ளையில் விரல் வைத்துப் பின்தொடர்வார். இரத்தசோகை பற்றிய ஓர் ஆய்வு. அறுபது பக்கம். அஞ்சலில் சேர்க்கக் கடைசி நாள். ஐம்பத்தோராம் பக்கத்தில் அண்ணன் படித்தார்: 'இரு வாரம் ஒருமுறை இரத்தம் எடுக்கப்படும்.' வெள்ளையில் இருந்தது: 'வாரம் இருமுறை இரத்தம் எடுக்கப்படும்.'

காதில் வாரமும் விழுந்தது, இருவும் விழுந்தது, முறையும் விழுந்தது. கண்ணும் அதையே பார்த்தது. விரல் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. முத்திரையும் விழுந்துவிட்டது. வார்டில் வெள்ளைத் தாளை வைத்துத்தான் வேலை தொடங்கினார்கள். ஏற்கெனவே இரத்தம் குறைந்த பதினோரு பேரிடமிருந்து, எடுக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு எடுத்தார்கள். ஆறு வாரம் எடுத்தார்கள்! யாரும் பார்க்கவில்லை. ஏழாவது வாரம், பேருந்து நிலையத்தில் பழச்சாறு விற்கும் ஒரு பெண்மணி, இரத்தம் கொடுத்துவிட்டு இறங்கும்போது நம் மாடிப்படியில் தலை சுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை.

தவறு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. விண்ணப்பம் எழுதிய பேராசிரியர் மேல் பழி போட்டு முடித்திருக்கலாம். அவரும் எழுதியவர்தானே! அம்மையார் என்ன செய்தார்? அறிக்கையில் முதல் வரியாக எழுதினார்: 'ஒப்புநோக்கியது நான். முத்திரை என்னுடையது.' எழுதிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. பதினோரு பேரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார். ஒவ்வொருவரிடமும் மஞ்சளையும் வெள்ளையையும் விரித்துக் காட்டி, எந்த வரியில் தவறு நடந்தது என்று சொன்னார். பதிவறை அண்ணனும் கூடப் போயிருக்கிறார்.

பழச்சாறு விற்ற அம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டாராம்: "நீ படிச்சவதானே? ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சு வாசிக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. ஆனா வாசிக்கல" என்றாராம் அம்மையார்.

அந்த அம்மா மன்னித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மன்னிக்கவில்லை. அம்மையார் அடுத்தடுத்துப் போனபோதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்காவது முறையோடு மகன் வாசலிலேயே நிறுத்தி, "இனிமே வராதீங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த நாள் அம்மையார் கடைக்குப் போய் இரண்டு எஃகு ஸ்கேல் வாங்கினார். அன்றிலிருந்து அந்த அறையில் யாரும் எதையும் உரக்கப் படித்ததில்லை.

இதைத்தான் நான் கேலி செய்தேன், நண்பர்களே! ஒரு மனுஷி தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளை எஃகில் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். நான் அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தேன். அவர் ஒருமுறையாவது முகம் சுளித்தாரா? இல்லை. விடுமுறைக் கடிதத்தில்கூட ஒருமுறை விளையாட்டாக 'இப்படிக்கு ஸ்கேல் அக்கா' என்று எழுதியதாக நிர்வாகப் பிரிவில் சொன்னார்கள்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நான் எழுதிக்கொண்டு வந்தது இந்த இடத்தோடு முடிகிறது. இனிமேல் தாள் இல்லாமல் பேசுகிறேன்.

அவருக்கு வந்தது நுரையீரல் இறுகுகிற நோய். நான் நுரையீரல் மருத்துவன். முதலில் கண்டுபிடித்தவனும் நான்தான். தாழ்வாரத்தில் அவர் இருமுகிற சத்தத்தைக் கேட்டு, நானாகக் கூப்பிட்டுப் பரிசோதித்தேன். ஒரு குழாயில் ஊதச் சொல்வோம். ஒரு மனிதருக்கு இருக்க வேண்டிய மூச்சுத்திறனில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று இயந்திரம் காட்டும். அம்மையாருக்கு நாற்பத்து நான்கு காட்டியது. அந்த நோய்க்கு இருக்கிற மருந்துகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே நோய்க்கு ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வை அதே நேரத்தில் தொடங்கிக்கொண்டிருந்தவன் யார்? நான்தான்!

அந்த ஆய்வில் யாரைச் சேர்க்கலாம்? மஞ்சள் தாளில் இருந்தது: மூச்சுத்திறன் ஐம்பதுக்குக் குறையாதவர்கள். விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தது: நாற்பதுக்குக் குறையாதவர்கள். ஆட்கள் போதாது என்று நிதி தருகிறவர்கள் சொன்னதால் மாற்றினேன். குழுவிடம் போய்ச் சொல்லாமல் மாற்றினேன். மாற்றும்போது அம்மையாரை நினைக்கவில்லை. பிறகுதான் உறைத்தது, நாற்பத்து நான்கு உள்ளே வருகிறதே என்று. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விண்ணப்பம் அவருடைய மேசைக்குப் போகும், அவரே பார்ப்பார், பேசாமல் முத்திரை போடுவார் என்று நினைத்தேன். இத்தனை வருடச் சண்டைக்குப் பிறகும் அவரைப் பற்றி நான் புரிந்துகொண்டிருந்தது அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் தொலைபேசி வரவில்லை. அவரே வந்தார். என் அறை மூன்றாவது மாடி. அன்று லிப்ட் பழுது, படியேறி வந்திருக்கிறார். வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பக்கம் பதினாலு டாக்டர். நாற்பதுன்னு போட்டிருக்கீங்க. மஞ்சள்ல இல்லையே."

"மேடம், அந்த வரி யாருக்குன்னு தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது. அதனாலதான் பதிவறை அண்ணனையும் கூட வச்சுப் பார்த்தேன். என் கண்ணை மட்டும் நம்பக் கூடாதுல்ல" என்றார். "ஐம்பதுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அந்த மருந்து ஆகுமான்னு குழு இன்னும் பார்க்கல. பார்த்துட்டு ஒத்துக்கிட்டா மஞ்சள் மாறும். மாறட்டும்."

"அதுக்குள்ள உங்களுக்கு நாள் போயிடும்."

"எனக்குன்னு தனியா ஒரு மஞ்சள் அடிக்க முடியாது டாக்டர்."

ஒரு குறிப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கையில் கொடுத்த உயிரைத் தட்டிவிட்டுப் போகிறாரே, என்ன திமிர் என்று நினைத்தேன். குறிப்பின் முதல் நான்கு வரியைப் படித்தேன். வழக்கமான வரிகள். பக்கம் இன்ன, வரி இன்ன, ஒத்துப்போகவில்லை. அதைத் தூக்கி, தாள் பறக்காமல் மேசையில் வைத்திருக்கும் கண்ணாடிக் குண்டுக்குக் கீழே வைத்தேன்.

அந்த வாரமே அவருடைய கணவர் என்னைப் பார்க்க வந்தார். ஐயா, நீங்கள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். லிப்ட் மெக்கானிக் சீருடையில், கையில் கிரீஸ் காயாமல் வந்தீர்கள். உட்காரச் சொன்னேன், நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டே பேசினீர்கள்.

"டாக்டர், அவ எழுதின குறிப்பைக் கிழிச்சுப் போட்ருங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு அவ இருக்கணும். வேற எதுவும் எனக்குப் புரியாது" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன்? "அவங்களே வேண்டாம்னு சொல்றப்போ நான் என்ன சார் செய்யறது?" என்றேன்.

ஐயா, அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அது நான் சொன்ன பொய். அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது. பத்தொன்பதாம் நாள் எதையோ தேடும்போது அந்தக் குறிப்பு கீழே விழுந்தது. குப்புற விழுந்தது. பின்பக்கத்திலும் எழுதியிருந்தது. முன்பக்கத்தின் அடியிலேயே 'பின்பக்கம் பார்க்க' என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருந்தார். நான் பார்க்கவில்லை.

பின்பக்கத்தில் இருந்ததை மனப்பாடமாகச் சொல்கிறேன். 'இந்த வரம்பு மாறினால் எனக்கு நன்மை உண்டு என்பதை இதன்மூலம் தெரிவிக்கிறேன். மாற வேண்டும் என்றே விரும்புகிறேன். அடுத்த குழுக் கூட்டம் பதினொரு நாளில். திருத்த விண்ணப்பம் மூன்று பக்கம் போதும். மாதிரி ஒன்று இணைத்துள்ளேன். விரைந்து அனுப்புக.' விரைந்து என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

அவர் உயிரை வேண்டாம் என்று சொல்லவில்லை, நண்பர்களே! வாழ ஆசைப்பட்டார். நேர்வழியில் வாழ ஆசைப்பட்டார். அதற்கு வழியையும் எழுதி, மாதிரியையும் வைத்து, நாளையும் எண்ணிக் கொடுத்திருந்தார். மூன்று பக்கம்! ஒரு மத்தியான நேரத்து வேலை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே மூன்று பக்கத்தையும் எழுதி, நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கிப் பதிவேட்டில் தேதியைப் போட்டார். போட்டுவிட்டு அதற்கு மேல் இருந்த பழைய தேதியைப் பார்த்தார்.

"ஊருக்குப் போயிருந்தீங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"ஆமா மேடம், கொஞ்சம் வேலை" என்றேன்.

அந்தப் பத்தொன்பது நாளில் இரண்டு முறை லிப்டில் நானும் அவரும் ஒன்றாக ஏறியிருக்கிறோம். ஒருமுறை அவர் எனக்கு வணக்கம்கூடச் சொன்னார். நான் திரும்பிக்கொண்டேன். இரண்டு தாளை ஒத்துப் பார்க்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? "சரி டாக்டர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் அன்றைக்கு என்னைத் திட்டியிருந்தால் இன்றைக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்று பேசியிருப்பேன்.

பதினோராம் நாள் கூட்டம் போய்விட்டது. அடுத்தது நாற்பத்தோராம் நாள். ஐந்து உறுப்பினர் வேண்டும், நான்கு பேர்தான் வந்தார்கள், கூட்டம் நடக்கவில்லை. வராதவர்களில் ஒருவர் இந்த மேடையில் இருக்கிறார். ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு அருகதை இல்லை, கேட்கவும் மாட்டேன். அன்று அம்மையாரின் மூச்சுத்திறன் நாற்பத்தொன்று. எழுபத்தோராம் நாள் குழு கூடியது. மருந்தின் பழைய சோதனைகளைப் பார்த்தது. நாற்பது வரை பாதகமில்லை என்று ஒப்புக்கொண்டது. பேச்சு இருபது நிமிடம்தான் நடந்தது. புதிய மஞ்சள் தாள் வந்தது.

அன்று மாலையே அவரைப் பரிசோதனை அறைக்கு வரவழைத்தேன். மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். குழாயைக் கொடுத்தேன். ஊதினார். முப்பத்தெட்டு. கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லி மறுபடி ஊதச் சொன்னேன். முப்பத்தெட்டு. மூன்றாவது முறை முப்பத்தேழு.

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கா, மெஷின்ல கோளாறு இருக்கும். நான் நாற்பதுன்னு போட்டுக்கிறேன்" என்றேன்.

மகளே, நீ பக்கத்தில் நின்றாய். நீயும் கேட்டாய். அவருக்குப் பேச மூச்சு இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று சொன்னார்.

"மஞ்சள்ல... இல்லையே... டாக்டர்."

ஐந்து வாரம் கழித்து இறந்துபோனார்.

அந்த மருந்து அவரைக் காப்பாற்றியிருக்குமா? எனக்குத் தெரியாது. இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆய்வே நடக்கிறது. ஒருவேளை பிழைத்திருப்பார், ஒருவேளை கொஞ்ச நாள் கூட இருந்திருப்பார், ஒருவேளை ஒன்றுமே நடந்திருக்காது. ஆனால் அந்த ஒருவேளை அவருடையது. அது என் மேசையில் கண்ணாடிக் குண்டுக்குக் கீழே இருந்தது.

ஐயா, மகளே, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. பழச்சாறு விற்ற அம்மா செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் இது என்னோடு போய்விடக் கூடாது. தவறு எந்தப் பக்கத்தில், எந்த வரியில் நடந்தது என்று அவர் பதினோரு வீட்டுக்குப் போய்ச் சொன்னார். நான் ஒரு மண்டபத்தில் ஒரே தடவை சொல்கிறேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் துணிச்சல்.

அவருடைய வேலை நிற்காது. இதைச் சும்மா மேடைக்காகச் சொல்லவில்லை. நாளை முதல் பதிவறை அண்ணன் மஞ்சளைப் பார்ப்பார், நான் வெள்ளையைப் பார்ப்பேன். புதியவர் ஒருவரை நியமித்து அவர் கை பழகும் வரை வாரத்தில் இரண்டு நாள் அந்தச் சின்ன அறையில் நான் இருப்பேன். சிரிக்காதீர்கள், வாரம் இருமுறை என்றுதான் சொல்கிறேன், இரு வாரம் ஒருமுறை அல்ல! எனக்கு வரும் ஒவ்வொரு குறிப்பும் என்று வந்தது, நான் என்று பதில் போட்டேன் என்ற இரண்டு தேதியும் என் அறைக்கதவின் வெளிப்பக்கம் ஒட்டப்படும். போகிற வருகிற யாரும் ஒத்துப் பார்க்கலாம். திருத்த விண்ணப்பத்தில் ஓர் உயிர் காத்திருக்கிறது என்றால் குழு மூன்று நாளுக்குள் கூட வேண்டும். குழுத் தலைவர் அவர்களே, நீங்கள் தலையசைத்தீர்கள். எல்லோரும் பார்த்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. இரங்கல் தீர்மானத்தை வழிமொழியச் சொல்லி என் கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். மேடைக்கு வருமுன் கீழே நின்று படித்தேன். அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அவருடைய நேர்மையைப் பற்றி எழுதியிருக்கிறது. சரி. அவருடைய உழைப்பைப் பற்றி எழுதியிருக்கிறது. சரி. நான்காவது வரியில், 'அன்னாரின் உயிரைக் காக்க நிறுவனம் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்தது' என்று எழுதியிருக்கிறது.

இயக்குநர் அவர்களே, அந்த வரி மஞ்சளில் இல்லை. அடித்துவிட்டுக் கொடுங்கள். வழிமொழிகிறேன்.